மாத்திரையைக் கொடுப்பது யார்?

(திருப்பூர் வட்டாரத்தில் பனியன் தொழிலாளர் கூட்டமொன்றில் செய்த பேச்சு)



கூலி, பஞ்சப்படி, போனஸ் பற்றி நாம் எத்தனையோ கூட்டங்களில் பேசியிருக்கிறோம். இன்று ஒரு சின்ன மாத்திரையைப் பற்றிப் பேசப்போகிறோம். இது சங்கம் பேசவேண்டிய விஷயமா என்று ஆண் தோழர்கள் சிலர் நினைக்கலாம். கேட்டுவிட்டு அபிப்பிராயம் சொல்லுங்கள்.

மாதவிலக்கு நாளில் ஒரு சகோதரிக்கு அடிவயிற்றில் தாங்க முடியாத வலி. சற்றே படுக்க இடமில்லை. வீட்டுக்குப் போனால் கூலி போய்விடும். லைனில் பீஸ் தேங்கினால் சூப்பர்வைசர் சத்தம் போடுவார். ஆகவே அந்தச் சூப்பர்வைசரிடமே போய், தலையைக் குனிந்துகொண்டு, “மாத்திரை வேணுங்க” என்கிறார். மேசை டிராயரிலிருந்து ஒரு மாத்திரை வருகிறது. அட்டை இல்லை, பெயர் இல்லை. விழுங்கியதும் மிஷின் மறுபடி ஓடுகிறது.

இது நம் கற்பனையா? இல்லை. 2019-ம் ஆண்டு தாம்சன் ராய்ட்டர்ஸ் பவுண்டேஷன் என்ற செய்தி ஸ்தாபனம், தமிழ்நாட்டு ஆடைத் தொழிலில் வேலை செய்யும் சுமார் 100 பெண்களைப் பேட்டி கண்டு எழுதியது. மாதவிலக்கு வலிக்குப் பெயர்ச்சீட்டு இல்லாத மாத்திரையே தந்தார்கள் என்று அத்தனை பேரும் சொன்னார்கள். அதனால் உடல்நலம் கெட்டது என்று பாதிக்கு மேற்பட்டவர்கள் சொன்னார்கள். அவை ஐபுபுரூபன் போன்ற வலி மாத்திரைகள் என்பது டாக்டர்களின் கருத்து.

ஐபுபுரூபன் விஷமல்ல, டாக்டர்கள் எழுதிக்கொடுக்கும் மருந்துதான். ஆனால் வெறும் வயிற்றில், அளவு தெரியாமல், அடிக்கடி விழுங்கினால் இரைப்பையில் புண் உண்டாகும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு ஆபத்து. ஆஸ்துமாக்காரர்கள் சிலருக்கு மூச்சுத்திணறல் வரும். கர்ப்பம் 20 வாரத்தைத் தாண்டினால் பொதுவாகக் கொடுக்கக்கூடாது.

இதையெல்லாம் கேட்டறிந்து கொடுப்பதற்காகத்தான் நர்சு என்று ஒருவர் படித்து வருகிறார். சரியான ஆள், சரியான மருந்து, சரியான அளவு, சரியான வழி, சரியான நேரம் – இந்த ஐந்தையும் பார்க்காமல் மருந்து கொடுக்காதே என்பது அவர்கள் படிக்கும் பாடம். சூப்பர்வைசருக்கு இதில் எது தெரியும்? அவருக்குத் தெரிந்த நேரம் ஷிப்டு நேரம் ஒன்றே!

அடுத்தது ரகசியம். நோயாளி சொன்னதைச் சிகிச்சைக்குச் சம்பந்தமில்லாதவர்களிடம் சொல்லக்கூடாது என்பதும் நர்சுத் தொழிலின் தர்மம். ஒரு கம்பெனியில் ஒரு சகோதரி, மாத்திரை வாங்கும்போது தாம் கர்ப்பிணி என்பதைச் சொன்னார். அன்று மாலைக்குள் அது ஆபீசு வரை போய்விட்டது. அடுத்த வாரம், “பீஸ் இல்லை, அப்புறம் சொல்லி அனுப்புகிறோம்” என்றார்கள். சொல்லி அனுப்பவே இல்லை. அதைப் பார்த்த மற்ற பெண்கள் என்ன பாடம் கற்றார்கள்? எதையும் சொல்லாமல் விழுங்குவதே பத்திரம் என்று கற்றார்கள்.

தோழர்களே, இதுதான் விஷயத்தின் வேர். ரகசியம் காக்காத இடத்தில் யாரும் உண்மையைச் சொல்லமாட்டார்கள். உண்மை தெரியாமல் கொடுக்கும் மருந்து, கண்ணைக் கட்டிக்கொண்டு கொடுக்கும் மருந்து.

நம்முடைய தவறையும் சொல்லவேண்டும். அந்தச் சகோதரி சங்க ஆபீசுக்கு வந்தபோது, பத்துப் பேர் முன்னிலையில் அவரை விசாரித்தோம். நல்லெண்ணத்துடன்தான் செய்தோம். ஆனால் அவர் திரும்ப வரவில்லை. கம்பெனி செய்ததையே நாமும் செய்தோம். இனி இப்படிப்பட்ட புகார்களைத் தனி அறையில், பெண் தோழர்களே கேட்கவேண்டும்.

சட்டம் என்ன சொன்னது? 1948-ம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தின் 45-வது பிரிவு, 150 பேருக்கு ஒரு முதலுதவிப் பெட்டி என்றது. விதித்த சாமான்களைத் தவிர வேறெதையும் அதில் வைக்கக்கூடாது, முதலுதவிச் சான்றிதழ் பெற்றவர் பொறுப்பில் இருக்கவேண்டும் என்றது. 500 பேருக்கு மேல் இருந்தால் டாக்டர், நர்சு வசதியுடன் தனி அறை என்றது. 2020-ல் இயற்றிய தொகுப்புச் சட்டமும் தனி அறைக்கு அதே 500 என்ற கணக்கைத்தான் வைத்திருக்கிறது. ஆனால் நம் ஊரில் 50 பேர், 100 பேர் வேலை செய்யும் ஜாப் ஒர்க் கம்பெனிகள் எத்தனை! அங்குள்ள பெண்களுக்கு வலி குறைவா?

ஆகவே நாம் கேட்பது இதுதான். பெயரும் காலாவதித் தேதியும் உள்ள அட்டையோடுதான் மாத்திரை தரவேண்டும். பயிற்சி பெற்றவர்தான், விவரம் கேட்டுத் தரவேண்டும். சிறு கம்பெனிகள் பல சேர்ந்து ஒரு நர்சை நியமிக்கட்டும். சொன்னது ஆபீசுக்குப் போகக்கூடாது. வலி வந்தவர் கூலி வெட்டில்லாமல் சற்று ஓய்வெடுக்க இடம் வேண்டும். மாதாமாதம் வலி தொடர்ந்தால் இ.எஸ்.ஐ. டிஸ்பென்சரிக்குப் போக அனுமதி வேண்டும். சம்பளத்தில் 100-க்கு 75 காசு பிடிக்கிறார்களே, அது நம் காசு!

1984-ல் பஞ்சப்படிக்காக இந்தத் திருப்பூர் 127 நாள் வேலைநிறுத்தம் செய்தது. அந்த ஊருக்கு, “இது என்ன மாத்திரை?” என்று கேட்கும் தைரியம் இல்லாமலா போகும்? நாளை முதல் கேளுங்கள், சகோதரிகளே. பெயர் சொல்லாத மாத்திரையை வாங்காதீர்கள். ஒருத்தி கேட்டால் அதட்டுவார்கள். லைன் முழுவதும் கேட்டால் பதில் சொல்லித்தான் தீரவேண்டும்!