நாரிச் சத்திரசிகிச்சையின் பின் தொழுகையும் ஓய்வும்





முள்ளந்தண்டின் கீழ்ப்பகுதியில் விலகிய தட்டு, காலுக்குச் செல்லும் நரம்பை அழுத்துகின்றபோது, சிலருக்கு அத்துண்டைச் சத்திரசிகிச்சை மூலம் அகற்ற நேரிடுகின்றது. வீடு திரும்பிய பின்னர் இவர்களுள் பலர், வலியை வெளிக்காட்டாதிருப்பதே ஸப்ர் என எண்ணிவிடுகின்றனர். மருந்தைக் குறைப்பது ஈமானின் பலம் என்றும், நெற்றி தரையில் படாவிட்டால் தொழுகையே இல்லை என்றும் கருதுவோர் உளர். மார்க்கம் இதனை எங்கே கேட்டது?

மூல வியாதியால் வருந்திய இம்ரான் இப்னு ஹுஸைன் (ரழி) அவர்கள் தொழுகை பற்றி வினவியபோது, நின்று தொழுமாறும், இயலாவிடின் அமர்ந்தும், அதற்கும் இயலாவிடின் ஒருக்களித்துப் படுத்தும் தொழுமாறு நபி (ஸல்) அவர்கள் வழிகாட்டினார்கள். இது புகாரியில் பதிவான ஹதீஸ். ஆகவே, நிற்க இயன்றவர் நின்று ஓதட்டும். குனிய வேண்டாமென வைத்தியர் தடுத்திருந்தால், ருகூஉவையும் ஸுஜூதையும் தலையைத் தாழ்த்திச் சைகையால் நிறைவேற்றட்டும். ஸுஜூதுக்குச் சற்று அதிகமாகத் தாழ்த்தட்டும். கதிரையில் தொழும் வாலிபனை ஸஃப்பில் நின்று ஏற இறங்கப் பார்க்கும் பெரியவர்களே, அவனது சட்டைக்குள் இருக்கும் தையல் உங்கள் கண்ணுக்குத் தெரிவதில்லை.

காலுக்கு ஓடிய குத்துவலி பெரும்பாலும் விரைவில் தணியும். மரத்த தன்மையோ அவ்வாறன்று. நசுங்கிய நரம்பு தேற மாதங்கள் செல்லலாம். அதைக் கொண்டு சிகிச்சை பிழைத்துவிட்டதென முடிவுகட்டாதீர்கள். வலிக்கான குளிசைகளை, வலி உச்சிக்கு ஏறும்வரை காத்திராது, வைத்தியர் குறித்த நேரத்திலேயே எடுங்கள். வலி அடங்கினால்தான் நடக்க முடியும். வலுவான குளிசைகள் சில மலச்சிக்கலைத் தரும். முக்குவதோ நாரியை வருத்தும். தண்ணீர், கீரை, பழம் ஆகியவற்றைக் கூட்டிக்கொள்ளுங்கள். குந்தும் மலசலகூடமுள்ள வீட்டில் சில வாரங்களுக்கு ஒரு கொமோட் கதிரை வாங்கி வைப்பது வீண்செலவன்று. வுழூவுக்குக் குழாயருகே உயரமான கதிரையொன்றைப் போடுங்கள். கால் கழுவ வீட்டார் உதவட்டும். ரமழானில் பகல் குளிசையை விட்டுவிட்டு நோன்பு பிடிப்போருக்கு, நோயாளி நோன்பைப் பிற்படுத்திக் கழாச் செய்யலாம் என்ற சலுகை அல்குர்ஆனிலேயே உண்டு.

படுத்தே கிடப்பதும் முறையன்று. பெரும்பாலானோரை ஓரிரு நாளிலேயே நடக்கச் சொல்கின்றனர். முற்றத்தில் சிறிது சிறிதாக நடையைக் கூட்டுங்கள். கட்டிலிலிருந்து எழும்போது ஒருக்களித்துத் திரும்பி, கையை ஊன்றி எழும்புங்கள். பாரம் தூக்குதல், குனிந்து திரும்புதல் ஆகியவற்றை முதல் 6 வாரமளவுக்கேனும் தவிர்க்குமாறு பொதுவாக அறிவுறுத்தப்படுகின்றது. பெற்றோர்களே, பிள்ளை எழுந்து நடக்கின்றான் என்பதற்காகக் கடை மூட்டைகளை அவனிடம் காட்டாதீர்கள். எண்ணெய் தடவி நாரியை மிதித்துவிட முன்வரும் உறவினரையும் அன்போடு தடுத்துவிடுங்கள். வாலிபர்களே, சிகரெட்டிலுள்ள நிக்கோட்டின் காயம் ஆறுவதைத் தாமதப்படுத்தும்.

வெட்கத்தால் மறைக்கப்படும் ஒரு விடயத்தை இங்கே வெளிப்படையாகவே கூற வேண்டியுள்ளது. மறைவிடத்தைச் சுற்றி மரத்துப்போதல், சிறுநீர் வெளியேறாமை, சிறுநீரோ மலமோ அறியாமலே கசிதல், கால்கள் திடீரெனச் சோர்தல் ஆகியன நரம்புக் கொத்து கடுமையாக நசுங்குவதன் அடையாளங்களாகலாம். அவ்ரத் பற்றிய பேச்சென மகன் வாப்பாவிடமும், மகள் உம்மாவிடமும் மறைத்துவிட்டால், நிரந்தரப் பாதிப்புக்கு இடமுண்டு. இங்கே நாட்கணக்கு இல்லை, மணிக்கணக்குத்தான். காய்ச்சலோ காயத்தில் சீழோ கண்டால் அன்றே வைத்தியரிடம் காட்டுங்கள். முன்சொன்ன அடையாளங்களுள் ஒன்றேனும் கண்டால், நள்ளிரவாயினும் ஸுபஹ் வரை காத்திராமல் வைத்தியசாலையின் அவசர சிகிச்சைப் பிரிவுக்குச் செல்லுங்கள். வாகனம் இல்லாதோர் 1990 என்ற இலக்கத்துக்கு அழையுங்கள். சுவசெரிய அம்பியூலன்ஸ் சேவைக்குக் கட்டணமில்லை.