புறம்போக்கும் பசுமை நிதியும்

(அயோத்திதாசர் நினைவுச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



1891 டிசம்பர் 1 அன்று அயோத்திதாசர் நீலகிரியில் திராவிட மகாஜன சபையைக் கூட்டிப் பத்துத் தீர்மானங்கள் நிறைவேற்றினார். அதே ஆண்டில்தான் இந்தச் செங்கல்பட்டு மாவட்டத்தின் ஆட்சியர் திரமென்ஹீர், பறையர்களின் நிலை குறித்த தம் அறிக்கையை அரசுக்கு அளித்தார். மறு ஆண்டு பஞ்சமி நில ஆணை வந்தது. காட்டாங்குளத்தூரில் நின்று பேசும் நாம் தீர்மானத்தையும் நிலத்தையும் சேர்த்தே பேச வேண்டியிருக்கிறது.

நாடாளுமன்றம் 2016-ல் ஈடுசெய் காடு வளர்ப்பு நிதிச் சட்டத்தை இயற்றியது. சுரங்கம், சாலை, அணை என்று எதற்காகக் காட்டை எடுத்தாலும் எடுப்பவர் பணம் கட்ட வேண்டும். அந்தப் பணத்தில் வேறிடத்தில் காடு வளர்க்க வேண்டும். 2019 ஆகஸ்டில் 47,000 கோடி ரூபாய்க்கு மேல் மாநிலங்களுக்குக் கைமாறியது. சிறிய தொகையல்ல. காடு வேண்டாம் என்று நம்மில் யாரும் சொல்லப் போவதுமில்லை.

ஆனால் பங்கீட்டைப் பாருங்கள். மாநிலத்துக்கு 90 விழுக்காடு, ஒன்றியத்துக்கு 10. ஊராட்சிக்கென்று ஒரு விழுக்காடும் எழுதப்படவில்லை. அமெரிக்காவில் 1964-ல் உருவான நில, நீர்ப் பாதுகாப்பு நிதியில் ஒரு பகுதி உள்ளாட்சிகளின் பூங்காக்களுக்கும் திறந்தவெளிகளுக்கும் போகிறது. அதனால் அந்த நிதி முடங்கும் நிலை வந்தபோதெல்லாம் அங்குள்ள நகர மன்றங்கள் அதற்காகக் குரல் கொடுத்தன. நம் ஊராட்சி எதை நம்பிக் கை தூக்கும்?

பணத்தை விடுங்கள். மரம் ஆகாயத்தில் நடப்படுவதில்லை. ஈடாக நடுவதற்குக் காடல்லாத நிலம் வேண்டும். அதிகாரி முதலில் புரட்டுவது வருவாய்ப் பதிவேட்டை; அவர் கண்ணில் முதலில் படுவது தரிசும் புறம்போக்கும். மேய்க்கால், களம், சுடுகாடு, மந்தைவெளி, வண்டிப்பேட்டை, தோப்பு ஆகிய புறம்போக்குகளைத் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம், 1994 ஊராட்சியின் பொறுப்பில் வைத்திருக்கிறது. பட்டா இல்லாதவர்களுக்கு மிஞ்சியது இவ்வளவுதான். சேரிப் பெண்ணின் இரண்டு ஆடுகள் அங்கேதான் மேய்கின்றன. இருளர்கள் விறகும் கிழங்கும் எடுப்பதும், நம் பிணம் போவதும் அங்கேதான். தாம்பரத்திலிருந்து செங்கல்பட்டு வரை ஜி.எஸ்.டி. சாலையின் இருபுறமும் மனைப்பிரிவுகள் எழும்பிவிட்ட பிறகு, மிச்சமிருக்கும் ஏக்கர்களின் மதிப்பை நமக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. பஞ்சமி நிலத்தை மீட்கக் கேட்டதற்கு 1994 அக்டோபர் 10 அன்று செங்கல்பட்டில் துப்பாக்கிச் சூடு நடந்தது. ஜான் தாமஸும் ஏழுமலையும் உயிரைக் கொடுத்தார்கள்.

2016 ஜூலையில் மாநிலங்களவையில் ஜெய்ராம் ரமேஷ், கிராம சபையின் ஒப்புதல் வேண்டும் என்று திருத்தம் கொண்டுவந்தார். விதிகளில் பார்த்துக்கொள்கிறோம் என்று அமைச்சர் உறுதி சொன்னார். 2018-ல் வந்த விதிகளில் இருப்பது கலந்தாலோசனை மட்டும். அதுவும் கிராம சபை அல்லது கிராம வனக் குழுவுடன். அந்த ‘அல்லது’வில்தான் கிராம சபை காணாமல் போகிறது. கருத்துக் கேட்பது வேறு, வேண்டாம் என்றால் நிறுத்துவது வேறு.

அதற்காகக் கிராம சபையைக் கோயிலாக்கவும் நாம் தயாரில்லை. 1948 நவம்பர் 4 அன்று அரசியல் நிர்ணய சபையில் அம்பேத்கர் கிராமப் பெருமை பேசியவர்களைச் சாடியது காரணத்தோடுதான். ஊராட்சித் தலைவர் நாற்காலியில் அமர்ந்ததற்காக மேலவளவு முருகேசன் 1997-ல் வெட்டிக் கொல்லப்பட்டார். சேரி வராத கிராம சபையின் ஒப்புதல் ஊர்த்தெருவின் ஒப்புதல்தான். வன உரிமைச் சட்டத்தின் விதிகள் கிராம சபைக்கு வந்திருப்போரில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள் இருக்க வேண்டும் என்கின்றன. அதுபோல ஆதிதிராவிடர், பழங்குடியினர் வருகைக்கும் ஓர் அளவை நாம் கேட்க வேண்டும்.

ஆகவே அடுத்த கிராம சபையில் காடு வளர்ப்பு நிதிக்கு ஆதரவு கேட்டுத் தாள் நீட்டப்பட்டால் உடனே கையெழுத்துப் போடாதீர்கள். எந்தச் சர்வே எண்ணில் நடப்போகிறார்கள் என்று கேளுங்கள். அது பஞ்சமியா, மேய்க்காலா, சுடுகாட்டுப் பாதையா என்று ‘அ’ பதிவேட்டைக் கொண்டுவரச் சொல்லிப் பாருங்கள். கிராம சபையின் ஒப்புதலின்றி வேலி போடக் கூடாது, ஊராட்சிக்கு நிதியில் பங்கு வேண்டும், நடவு வேலையும் கூலியும் நிலமற்றவர்களுக்கு முதலில் என்ற வரிகளைத் தீர்மானத்திலேயே எழுதச் சொல்லுங்கள். எழுதியதை வாசிக்கக் கேட்ட பிறகு கையெழுத்திடுங்கள். நகல் ஒன்றைக் கையோடு வாங்கிக்கொண்டு வாருங்கள்.