இல்லக் கல்வியும் எழுத்துப் பயிற்சியும்





பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பாமல் இல்லத்திலேயே கற்பிக்கும் பெற்றோர் இன்று ஆங்காங்கே உள்ளனர். 14 வயது நிரம்பிய பின் அப்பிள்ளைகள் தேசியத் திறந்தநிலைப் பள்ளி நிறுவனத்தின் வழியாகப் பத்தாம் வகுப்புத் தேர்வை எழுதலாம். கணக்கையும் அறிவியலையும் அவர்கள் ஆர்வத்தோடு கற்கின்றனர். புத்தகங்களையும் விரும்பிப் படிக்கின்றனர். ஒரு பக்கம் எழுதச் சொன்னால்தான் கை தயங்குகிறது. தமிழில் எழுதுவதென்றால் தயக்கம் இருமடங்காகிறது.

காரணம் பிள்ளையின் அறிவுக்குறைவு அன்று. “மாமா வந்தார். அதைக் கொடுத்தார். எல்லாரும் சிரித்தோம்” என்று ஒரு பிள்ளை எழுதுவதாக வைத்துக்கொள்வோம். எந்த மாமா, எதைக் கொடுத்தார், ஏன் சிரித்தார்கள் என்பதெல்லாம் தாய்க்குத் தெரியும். அவரும் அங்கே உடனிருந்தவர்தாமே! ஆகவே இடையின ரகரத்தையும் வல்லின றகரத்தையும் மட்டும் திருத்தி, ‘நன்று’ என்று எழுதிக் கொடுத்துவிடுகிறார். அயலார் ஒருவர் அதைப் படித்தால் ஒன்றும் விளங்காது. தேர்வுத் தாளைத் திருத்துபவரும் அயலாரே. சொல்ல வேண்டியதைக் குறையாகச் சொல்லி விடுவதைக் குன்றக் கூறல் என்பர். நூலுக்குரிய பத்துக் குற்றங்களுள் நன்னூல் இதனையே முதலில் வைத்திருக்கிறது. அன்பு மிகுந்த வீட்டில் இக்குற்றம் கண்ணுக்குப் படுவதே இல்லை.

நன்னூலைச் செய்தவர் நம் சமயத்துத் துறவியாகிய பவணந்தி முனிவர். மூன்றாம் குலோத்துங்கன் காலத்தில், சீயகங்கன் வேண்ட அவர் இந்நூலை இயற்றினார். இலக்கணம் தொடங்குமுன் பாயிரத்திலேயே நூல் எப்படி இருக்க வேண்டும், ஆசிரியர் யார், மாணாக்கர் யார், எப்படிக் கேட்டுக் கற்க வேண்டும் என்பவற்றை வகுத்துரைத்தார். அங்கே ஒரு கணக்கு உண்டு. ஆசிரியர் சொன்னதை முழுமையாக ஏற்றுக்கொண்டாலும் மாணாக்கனுக்குக் கிடைப்பது கல்வியில் காற்பங்குதான். உடன் கற்பவரோடு பழகுவதால் இன்னொரு காற்பங்கு கிடைக்கும். எஞ்சிய அரைப்பங்கு, கற்றதைப் பிறருக்குத் தெளிவாக எடுத்துரைக்கும்போதே கைகூடும்.

இல்லக் கல்வியின் வலிமையும் குறையும் இக்கணக்கில் அடங்கிவிடுகின்றன. தாயும் தந்தையும் தருவது முதற் காற்பங்கு; அதை வேறு எவரும் அவர்களைப் போல் தர இயலாது. மற்ற முக்காற் பங்குக்குப் பிறர் வேண்டும். இல்லத்தில் கற்கும் பிள்ளைகளுக்குச் சிறு வகுப்பு ஒன்று வேண்டும் என்பது இதனால்தான்.

ஐந்து பிள்ளைகள் போதும். ஒன்பது வயது முதல் பதின்மூன்று வரை கலந்திருப்பது நல்லது. நாற்பது பேர் கொண்ட வகுப்பில் ஒரு குறிப்பேட்டுக்கு 5 நிமிடம் என்று வைத்தாலும் 200 நிமிடம் ஆகும். எந்த ஆசிரியருக்கு அது கூடும்? ஐவர் என்றால் 25 நிமிடத்தில் ஒவ்வொருவரையும் அருகில் அமர்த்திப் பேசிவிடலாம்.

பகவான் மகாவீரரின் வரலாற்றை முதல் நாளே கட்டுரையாக எழுதச் சொல்வது வீண். பிள்ளைகள் புத்தகத்தைப் பார்த்து எழுதி வருவார்கள். அல்லது முன்னுரை, பொருளுரை, முடிவுரை என்று மனப்பாடமாக ஒப்பிப்பார்கள். அவர்கள் கண்டதைக் கேட்பதே முறை. கதிரவன் மறையுமுன் உண்ணும் வழக்கம் தம் வீட்டில் எப்படி நடக்கிறது என்று எழுதட்டும். எழுதிய பின் குறிப்பேட்டை மாற்றிக்கொண்டு, ஒருவர் எழுதியதை மற்றவர் உரக்கப் படிக்க வேண்டும். எழுதியவர் வாய் திறக்கலாகாது. படிப்பவருக்கு விளங்காத இடத்தில் பென்சிலால் ஒரு புள்ளி. பின்பு ஒரு வினா. அவ்வளவே.

“மாலையில் சீக்கிரம் சாப்பிட்டுவிடுவோம்” என்று ஒரு சிறுமி எழுதுகிறாள். “சீக்கிரம் என்றால் எத்தனை மணி?” என்று தோழன் கேட்கிறான். மறுமுறை அவள் எழுதும்போது, “மார்கழியில் ஐந்தரைக்குள் உண்டு முடிப்போம், ஆனியில் ஆறு மணி வரை விளையாடிவிட்டு வரலாம்” என்று வாக்கியம் வளர்ந்துவிடுகிறது. சிவப்பு மையால் இந்த வாக்கியத்தை வருவிக்க முடியாது. வீட்டில் இருந்த தாய்க்கு அந்த வினா தோன்றவும் தோன்றாது.

குற்றங்களின் பெயர்களைப் பிள்ளைகளுக்கு மெல்ல மெல்ல அறிமுகப்படுத்தலாம். ‘கூறியது கூறல்’ உடனே பிடிபடும். ‘சென்று தேய்ந்து இறுதல்’ அவர்களுக்கு மிகவும் பிடிக்கும். தேர்த் திருவிழாவைக் கொடி, மேளம், அலங்காரம் என்று விரித்துவிட்டு, “பிறகு வீட்டுக்கு வந்தோம்” என்று முடிக்கும் கட்டுரைகள் எத்தனை! ஆயினும் பெயர் தெரிந்ததும் பிறரைக் குத்திக்காட்டும் ஆசை வரும். சொல்லாலும் துன்புறுத்தலாகாது என்பது நம் அறம். ஆகவே, குற்றத்தின் பெயரைத் தன் எழுத்துக்கு மட்டுமே சூட்டலாம், பிறர் எழுத்தைப் பற்றி வினா மட்டுமே எழுப்பலாம் என்று வகுப்பில் விதி வைக்க வேண்டும். தன் குற்றத்தைத் தானே எண்ணிப் பார்க்கும் பிரதிக்கிரமணம் பெரியோர் செய்யக் கண்ட பிள்ளைகளுக்கு இவ்விதி புதிதாகவும் தோன்றாது.

இளையவர்கள் பேச்சுவழக்கில் எழுதினால் முதற்படியில் தடுக்க வேண்டியதில்லை. ‘வந்தாங்க’ பின்னர் ‘வந்தார்கள்’ ஆகிவிடும். எழுதும் ஆசை ஒருமுறை போனால் மீள்வது அரிது. ஒற்று மிகுதலைப் பதின்மூன்று வயதுப் பிள்ளையே ஒன்பது வயதுப் பிள்ளைக்குக் கற்பிக்கட்டும். ‘அந்தக் கடை’ என்பதில் மிகும் ஒற்று ‘வந்த பையன்’ என்பதில் ஏன் மிகவில்லை என்று இளையவன் கேட்டால், மூத்தவன் விடை தேடி நூலைப் புரட்டுவான். முனிவர் சொன்ன அரைப்பங்கு அங்கே தொடங்கிவிடும்.

வீட்டிலும் சிறு குழுவிலும் கற்பது நமக்கு அயலானதன்று. சமணத் துறவியர் உறைந்த இடத்தின் பெயராகிய ‘பள்ளி’ என்ற சொல்லையே இன்று கல்விச்சாலைக்கு வழங்குகிறோம். உ. வே. சாமிநாதையர் சீவக சிந்தாமணியைப் பதிப்பிக்க முற்பட்டபோது, கும்பகோணத்துச் சமண இல்லங்களில் அந்நூலைக் கூடியிருந்து வாசித்து வந்தனர். தமக்கு விளங்காத சமயச் செய்திகளை அவர்களிடம் வினவித் தெளிந்தே 1887இல் அவர் பதிப்பை வெளியிட்டார். பெரும்புலவரும் வினாவோடு வந்து அமரத்தக்க வாசிப்பு, இல்லறத்தார் கூடத்தில் நடந்திருக்கிறது.

அறக்கட்டளையிடம் கேட்பது பெரிதன்று. சனிக்கிழமை பிற்பகலில் ஒன்றரை மணி நேரத்துக்கு ஓர் அறை, ஒரு பாய், ஐந்து குறிப்பேடுகள். மாதம் ஒருமுறை ஒவ்வொரு பிள்ளையும் ஊரிலுள்ள தாத்தாவுக்கோ பாட்டிக்கோ அஞ்சலட்டை எழுதட்டும். அதில் இடம் குறைவு; மிகைபடக் கூற வழியில்லை. பாட்டியின் மறுமொழியில் ஒரு வினா இருந்தால், அடுத்த சனிக்கிழமை வகுப்பை அதிலிருந்தே தொடங்கிவிடலாம்.