சாங்கி ஏரியும் மல்லேஸ்வரமும்

(சங்கக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

நாம் காலையும் மாலையும் வலம் வரும் சாங்கி ஏரி, உல்லாசத்திற்காக வெட்டியதல்ல. 1876–78 தாது வருஷப் பஞ்சத்தில் பட்ட கஷ்டத்திற்குப் பின், பெங்களூரின் தண்ணீர்த் தேவைக்காக 1882-ல் அமைந்தது. பொறியாளர் ரிச்சர்ட் சாங்கியின் பெயர் பெற்றது. அருகில் அரசாங்கச் சந்தனக் கிடங்கு இருந்ததால் கன்னடத்தில் 'கந்தத கோட்டி கெரெ' என்றும் சொல்வர்.

1898-ல் பிளேக் பரவியது. நெரிசலான பழைய பேட்டைக்கு மாற்றாக, காற்றோட்டமான மனைகளும் அகலத் தெருக்களுமாக மல்லேஸ்வரம் உருவாயிற்று. ஆக, ஏரியும் சரி, குடியிருப்பும் சரி, ஆபத்துக் காலம் கற்பித்த பாடங்கள்.

அதை மறக்கலாகாது. வரும் சதுர்த்திக்கு வர்ணம் பூசாத களிமண் பிள்ளையாரையே வாங்குவோம். ஏரியில் அல்ல, அதற்கென்றே கட்டியுள்ள கல்யாணியில் கரைப்போம்.