அமெரிக்காவில் ஓராண்டு பல் மருத்துவப் பயிற்சி: எந்த இடத்தைத் தேர்ந்தெடுப்பது?

(பி.டி.எஸ். முடித்தவர்கள், ஹவுஸ் சர்ஜன்கள், அவர்களின் பெற்றோர் கலந்துகொண்ட இணையவழிச் சந்திப்பில் நம் மின்னிதழின் உள்ளடக்க எழுத்தாளர் பேசியதன் எழுத்து வடிவம்.)

கேமராவை அணைத்துவிட்டு, டியூட்டி முடிந்த களைப்பில் படுத்துக்கொண்டே கேட்கும் ஹவுஸ் சர்ஜன்களுக்கு வணக்கம். பரவாயில்லை, தூங்காமல் இருந்தால் போதும்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் பல் டாக்டர் இல்லை. இதழியல் படித்துவிட்டுத் துறையில் எழுதுகிறேன். அரசு இணையதளங்களில் இருப்பதைப் படித்து, எல்லாருக்கும் புரிகிற தமிழில் சொல்வதுதான் என் வேலை. டிரான்ஸ்கிரிப்ட் எப்படி வாங்குவது, பாஸ்போர்ட்டில் பெயரை எப்படித் திருத்துவது என்று நமக்கு வரும் கேள்விகளில் சில பல் மருத்துவம் முடித்தவர்களிடமிருந்து வருகின்றன. எதற்கு என்று கேட்டால் "அமெரிக்காவில் ஜி.பி.ஆர். பண்ணப் போறேன்" என்கிறார்கள். எந்த இடத்தில், ஏன் அங்கே என்று கேட்டால் பதில் வருவதில்லை. "சீனியர் ஒருத்தர் போனாரு" என்பதுதான் பெரும்பாலும் கிடைக்கும் காரணம். இன்றைய பேச்சு அந்த "ஏன் அங்கே" பற்றித்தான்.

ஜெனரல் பிராக்டிஸ் ரெசிடென்சி என்பதன் சுருக்கம்தான் ஜி.பி.ஆர். பல் மருத்துவப் பட்டம் வாங்கியவர் ஒரு மருத்துவமனைக்குள் இருந்து ஓராண்டு பொதுப் பல் மருத்துவம் பழகுவது. சில இடங்களில் விரும்பினால் 2-ஆம் ஆண்டும் உண்டு. இது நம் எம்.டி.எஸ். போன்ற சிறப்புப் படிப்பு கிடையாது. முடித்தால் சான்றிதழ் கிடைக்கும், பட்டம் கிடைக்காது. ஊருக்குத் திரும்பி வந்து "எம்.டி.எஸ். மாதிரிதான்" என்று போர்டு மாட்ட முடியாது. இதே குடும்பத்தில் ஏ.இ.ஜி.டி. என்று இன்னொன்று இருக்கிறது. அது பெரும்பாலும் பல் மருத்துவக் கல்லூரியிலோ கிளினிக்கிலோ நடக்கும். ஜி.பி.ஆரின் உயிர் மருத்துவமனையில் இருக்கிறது.

இதய வால்வு மாற்றப் போகிறவருக்கு அறுவைக்கு முன்னால் வாயில் தொற்று இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கழுத்துப் புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு தொடங்கும் முன் எந்தப் பல்லை எடுப்பது, எதை விடுவது என்று முடிவு செய்ய வேண்டும். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை எடுப்பவர், நாற்காலியில் உட்கார முடியாத சிறப்புக் குழந்தை, நள்ளிரவில் விபத்தில் முகம் கிழிந்து வருபவர், எல்லாரும் அங்கே வருவார்கள். மயக்க மருந்துத் துறையிலும் பொது மருத்துவத்திலும் ரெசிடென்ட் சுழற்சி முறையில் வேலை பார்க்க வேண்டும். தனியார் கிளினிக்கில் பத்து வருஷம் உட்கார்ந்தாலும் இத்தனை வகை நோயாளிகளைப் பார்க்க முடியாது.

சரி, இடத்தைத் தேர்ந்தெடுப்பது எப்படி? எல்லாரும் மருத்துவமனையின் பெயரில் தொடங்குகிறார்கள். என்னைக் கேட்டால் கடைசியிலிருந்து தொடங்க வேண்டும். இந்த ஒரு வருஷம் முடிந்த மறுநாள் நீங்கள் எங்கே, என்னவாக இருக்கப் போகிறீர்கள்?

இங்கே ஒரு விஷயத்தைப் பெற்றோரும் கவனமாகக் கேட்க வேண்டும். அமெரிக்கா முழுவதுக்கும் ஒரே பல் மருத்துவ உரிமம் என்று எதுவும் இல்லை. ஒவ்வொரு மாநிலத்துக்கும் தனி வாரியம், தனி விதி. நியூயார்க் மாநிலம் 2007 முதல், உரிமம் கேட்பவர்கள் அங்கீகாரம் பெற்ற ரெசிடென்சியை முடித்திருக்க வேண்டும் என்று வைத்திருக்கிறது. டெலாவேரிலும் ஓராண்டுப் பயிற்சி கட்டாயம். இதை மட்டும் கேட்டுவிட்டு "நியூயார்க்கில் ஜி.பி.ஆர். முடித்தால் லைசென்ஸ் கையில்" என்று வீடியோ போட்டுவிடுகிறார்கள். அந்த விதி முதலில் அமெரிக்கக் கல்லூரியில் டி.டி.எஸ். அல்லது டி.எம்.டி. வாங்கியவரை மனதில் வைத்து எழுதியது. நம் பி.டி.எஸ்.ஸோடு போகிறவருக்குக் கூடுதல் நிபந்தனைகள் உண்டு. பல மாநிலங்கள் அங்கீகரிக்கப்பட்ட அமெரிக்கப் பட்டமே வேண்டும் என்கின்றன. சில மாநிலங்கள் வெளிநாட்டுப் பட்டதாரி அங்கே 2 ஆண்டு பட்டமேற்படிப்புப் பயிற்சி முடித்தால் ஏற்கின்றன. பயிற்சிக் காலத்தில் நோயாளியைத் தொட அனுமதி இருக்குமே என்றால், அது பெரும்பாலும் பயிற்சிக்கான தற்காலிக அனுமதி. பயிற்சி முடிந்தால் அதுவும் முடிந்தது.

இதில் எவ்வளவு பணம் தொங்குகிறது என்று பாருங்கள். வீட்டில் நகையை வைத்து அனுப்பியிருப்பார்கள். பையன் ஒரு வருஷம் நன்றாகப் படித்துவிட்டு, வேலை பார்க்க முடியாத மாநிலத்தில் நிற்பான்.

அதனால், 2 ஆண்டுப் பயிற்சியை ஏற்கும் மாநிலத்தில் குடியேறுவது உங்கள் எண்ணமென்றால், 2-ஆம் ஆண்டு இல்லாத இடம் எவ்வளவு பெரிய பெயராக இருந்தாலும் உங்களுக்குப் பயன்படாது. அமெரிக்கப் பட்டம் வாங்குவதுதான் இலக்கு என்றால் கதை வேறு. வெளிநாட்டுப் பல் மருத்துவர்களுக்கென்று அங்குள்ள கல்லூரிகளில் 2 முதல் 3 ஆண்டுப் படிப்பு இருக்கிறது. கேப்பிட் என்ற இணையவழி விண்ணப்பத்தில் போட வேண்டும், கட்டணம் கனமாக இருக்கும். அதற்கு ஜி.பி.ஆர். ஒரு படிக்கட்டு. அப்போது உங்களை நேரில் பார்த்து, கை வேலையைப் பார்த்து, பரிந்துரைக் கடிதம் எழுதக்கூடிய பேராசிரியர்கள் இருக்கும் இடம் முக்கியம். ஊருக்கே திரும்பி வந்து மருத்துவமனைப் பல் மருத்துவம் செய்யப் போகிறீர்களா? அப்படியென்றால் உரிமக் கவலையே வேண்டாம், எங்கே அதிகம் கற்கலாம் என்று மட்டும் பாருங்கள். இந்த மூன்றாவது வழியைப் பற்றி யாரும் பேசுவதில்லை. எனக்கென்னவோ அதில்தான் நம் மாவட்டங்களுக்கு லாபம் இருப்பதாகத் தோன்றுகிறது.

மாநில விதியை எங்கே பார்ப்பது? அந்தந்த மாநிலப் பல் மருத்துவ வாரியத்தின் இணையதளத்தில். போனிலேயே திறக்கும். வெளிநாட்டுப் பட்டதாரிகள் என்ற பகுதியைப் படியுங்கள், புரியாவிட்டால் வாரியத்துக்கே மின்னஞ்சல் அனுப்புங்கள். எழுத்தில் வரும் பதிலை நம்புங்கள். யூடியூப் கருத்துப் பெட்டியை நம்பாதீர்கள்.

அடுத்தது கோடா அங்கீகாரம். பல் மருத்துவப் பயிற்சிகளை அங்கீகரிக்கும் அமெரிக்க அமைப்பு அது. அதன் தளத்தில் பெயர் போட்டுத் தேடினால் ஒவ்வொரு பயிற்சியின் நிலையும் தெரியும். அங்கே பெயர் இல்லை என்றால் அந்த இடத்தைப் பட்டியலிலிருந்து அடித்துவிடுங்கள்.

அடுத்து விசா. இதைக் கேட்காமல் விண்ணப்பக் கட்டணம் கட்டி ஏமாந்தவர்கள் உண்டு. சில இடங்கள் குடியுரிமையோ கிரீன் கார்டோ இருப்பவரை மட்டுமே எடுக்கும். படைவீரர் நலத்துறை மருத்துவமனைகளில் பொதுவாகக் குடிமக்களுக்குத்தான் இடம். மற்ற இடங்களில் ஜே-1 தருவீர்களா, எச்-1பி தருவீர்களா, வெளிநாட்டுப் பட்டதாரியை இதற்கு முன் எடுத்திருக்கிறீர்களா என்று விண்ணப்பிக்கும் முன்பே கேட்டுவிடுங்கள். பணத்தையும் அதே மின்னஞ்சலில் கேட்கலாம். ஜி.பி.ஆரில் பெரும்பாலும் உதவித்தொகை தருவார்கள். ஏ.இ.ஜி.டி.யில் சில இடங்கள் நம்மிடமே கட்டணம் வாங்கும்.

இதையெல்லாம் கடந்து ஐந்தாறு இடங்கள் மிஞ்சினால், அப்போதுதான் பயிற்சியின் தரம் பற்றிய பேச்சு. இதற்கு இணையதளம் உதவாது. எல்லாத் தளத்திலும் ஒரே புன்னகை, ஒரே வெள்ளைக் கோட்டு. இப்போது அங்கே படிப்பவரைப் பிடியுங்கள். நம் கல்லூரியைப் பற்றிய உண்மை புராஸ்பெக்டஸில் இருந்ததா, ஹாஸ்டல் மெஸ்ஸில் இருந்ததா? அதேதான். கடைவாய்ப் பல் ரூட் கேனல் நீங்களே செய்கிறீர்களா, சிறப்பு மருத்துவருக்கு அனுப்பிவிடுகிறார்களா? இம்பிளாண்ட் கையில் கிடைக்குமா, வேடிக்கை பார்ப்பதோடு சரியா? ஞானப்பல் எத்தனை எடுத்தீர்கள்? அறுவை அரங்குக்கு மாதம் எத்தனை நாள்? இரவு அழைப்பு எத்தனை நாளுக்கு ஒருமுறை, அப்போது மூத்தவர் வருவாரா, போனில் மட்டும் பேசுவாரா? உதவியாளர் இருக்கிறாரா? இல்லையென்றால் பாதி நேரம் தட்டு கழுவுவதில் போகும். போன வருஷம் முடித்தவர்கள் இப்போது எங்கே இருக்கிறார்கள்? இந்தக் கடைசிக் கேள்விக்கு மழுப்பலாகப் பதில் வந்தால் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

விண்ணப்பம் பாஸ் என்ற ஒரே தளம் வழியாகப் பல இடங்களுக்குப் போகும். நேர்காணல் முடிந்ததும் மேட்ச். இது நம் பொறியியல் கலந்தாய்வில் சாய்ஸ் ஃபில்லிங் போலத்தான், ஒரு வித்தியாசத்தோடு: இங்கே அவர்களும் உங்களை வரிசைப்படுத்துவார்கள். இரண்டு பட்டியலையும் கணினி பொருத்திப் பார்த்து ஓர் இடம் தரும். அந்த முடிவு இருவரையும் கட்டுப்படுத்தும், "மேலே நகர்த்துங்கள்" என்ற வசதி கிடையாது. ஆகவே போக விருப்பமில்லாத இடத்தைப் பட்டியலில் போடவே போடாதீர்கள். "எனக்குக் கிடைக்காது" என்று நினைத்துப் பிடித்த இடத்தைக் கீழே தள்ளவும் வேண்டாம். உண்மையான விருப்ப வரிசையில் போடுவதால் நஷ்டம் வராதபடிதான் அந்த முறை அமைந்திருக்கிறது. மேட்ச்சில் சேராமல் நேரடியாக எடுக்கும் இடங்களும் சில உண்டு.

இனி நம் பக்கத்து வேலை. ஐ.என்.பி.டி.இ. என்ற தேசியத் தேர்வை நிறைய இடங்கள் கேட்கும். 2020-இல் பழைய இரண்டு பகுதித் தேர்வுக்குப் பதிலாக வந்தது, 500 கேள்விகள், ஒன்றரை நாள். இதற்கு இந்தியாவில் மையம் இல்லை. அமெரிக்காவுக்கோ கனடாவுக்கோ போய்த்தான் எழுத வேண்டும், அந்தச் செலவைக் கணக்கில் வையுங்கள். அதற்கு முன்னால் மதிப்பெண்களை இ.சி.இ. நிறுவனம் மதிப்பிட வேண்டும். அதற்கான டிரான்ஸ்கிரிப்டை தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தில் படித்தவர்கள் கிண்டியிலும், நிகர்நிலைப் பல்கலைக்கழகத்தில் படித்தவர்கள் அங்கேயும் வாங்க வேண்டும். பதிவும் நற்சான்றும் தமிழ்நாடு பல் மருத்துவக் கவுன்சிலில்.

இதில் எல்லாரையும் தடுக்கி விழவைப்பது இனிஷியல். மதிப்பெண் பட்டியலில் "எஸ். கவிதா". பாஸ்போர்ட்டில் "கவிதா செல்வம்". அமெரிக்கப் படிவம் குடும்பப் பெயர் கேட்கும், அடையாள அட்டையில் உள்ள பெயரும் தேர்வுப் பதிவில் உள்ள பெயரும் ஒத்துப்போகாவிட்டால் தேர்வு மையத்தில் நிறுத்திவிடுவார்கள். பாஸ்போர்ட்டில் உள்ளபடியே எல்லாத் தளத்திலும் பதியுங்கள். பாஸ்போர்ட்டையே மாற்ற வேண்டுமென்றால் விண்ணப்பம் போடும் முன்னால் மாற்றுங்கள், நடுவில் வேண்டாம். எம்-பாஸ்போர்ட் சேவா செயலியில் நேரம் பதிவு செய்யலாம். போலீஸ் தடையின்மைச் சான்றுக்கும் அதே வழிதான்.

சாட்டில் கேள்விகள் நிறைய வந்திருக்கின்றன. ஒரு அம்மாவின் கேள்வியை முதலில் எடுக்கிறேன். "ஒருத்தர் சீட் உறுதின்னு சொல்லி முன்பணம் கேக்குறாரு, கொடுக்கலாமா?"

கொடுக்காதீங்கம்மா. மேட்ச்சில் இடத்தை யாரும் உறுதி சொல்ல முடியாது, கணினி பொருத்துவதை ஏஜென்ட் எப்படி முன்கூட்டியே சொல்வார்? தேர்வு, மதிப்பீடு, விண்ணப்பம் மூன்றுக்கும் கட்டணம் அந்தந்தத் தளத்தில் நேரடியாக உங்கள் மகள் பெயரிலேயே கட்டலாம். ஏற்கெனவே ஆன்லைனில் அனுப்பிவிட்டீர்கள் என்றால் இந்தக் கூட்டம் முடியும்வரைகூடக் காத்திருக்க வேண்டாம். 1930-க்கு உடனே அழைத்துச் சொல்லுங்கள், வாட்ஸ்அப்பில் அவர் அனுப்பியது எதையும் அழிக்காமல் வையுங்கள்.