நனைந்த கோதுமையும் நம்முடைய பெயரும்

(தோட்டக் குடும்பங்களுக்கான நலன்புரிக் கூட்டத்தில் காப்புறுதி நட்டஈட்டு அலுவலர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்)



இன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை. துணி துவைக்க இருக்கும், விறகு எடுக்க இருக்கும். அதையெல்லாம் போட்டுவிட்டு வந்து உட்கார்ந்திருக்கிறீர்கள். அதனால் சுற்றி வளைக்காமல் விஷயத்துக்கு வருகிறேன்.

நான் லயத்தில் பிறந்தவன். வேலை பார்த்தது கடற்கரையில், திருகோணமலைக்குப் பக்கத்திலே இருக்கிற சீனன்குடாவில். "மலைநாட்டுப் பையனுக்குக் கப்பல் துறையில் என்ன வேலை?" என்று அங்கே போன புதிதில் எல்லாரும் கேட்டார்கள். நான் திருப்பி ஒரு கேள்வி கேட்பேன்: "எங்க அம்மா காலையில சுடுற ரொட்டிக்கு மா எங்கேருந்து வருது?" சீனன்குடாவில்தான் பிறிமா மா ஆலை இருக்கிறது. 1977இல் ஒப்பந்தம் செய்து, 1980இல் அரைக்கத் தொடங்கிய ஆலை. கோதுமை வெளிநாட்டிலிருந்து கப்பலில் வரும். மாவாகி மூட்டையில் ஏறி மலைக்கு வரும். நம் வீட்டு அடுப்புக்கும் அந்தக் குடாவுக்கும் தொடர்பு பழையது.

அங்கே என் வேலை கிளெய்ம் பார்ப்பது. நட்டம் வந்துவிட்டது, காப்புறுதிப் பணம் தாருங்கள் என்று ஒருவர் கேட்டால், நட்டம் உண்மையா, எவ்வளவு, எதனால் வந்தது, பத்திரத்தில் அதற்கு இடம் இருக்கிறதா என்று பார்த்துச் சொல்கிறவன். ஆட்கள் எங்களை விரும்புவதில்லை. "பணம் கொடுக்காமல் இருக்கத்தான் இவனுக்குச் சம்பளம்" என்று முகத்துக்கு நேரே சொன்னவர்களும் உண்டு. அதில் கொஞ்சம் உண்மையும் இருக்கிறது. மதிப்பீட்டாளர் நடுநிலையாக இருக்க வேண்டியவர்தான். ஆனால் அவருக்குக் கூலி கொடுப்பது கம்பனி. அதை ஞாபகத்தில் வைத்துக்கொண்டு அவரோடு பேசுங்கள்.

காப்புறுதி என்பது நமக்குப் புதிய சங்கதி இல்லை. நம் தோட்டங்களில் மரணாதார சங்கம் இருக்கிறதே, அது என்ன? மாதாமாதம் எல்லாரும் கொஞ்சம் போடுகிறோம். ஒரு வீட்டில் சாவு விழுந்தால் பெட்டிக்கும் சாப்பாட்டுக்கும் அந்தப் பணம் போகிறது. காப்புறுதியும் அதேதான். லண்டனில் லொயிட் என்பவருடைய கோப்பிக் கடையில் கப்பல்காரர்களும் வியாபாரிகளும் கூடி வளர்த்த பழக்கம், 1680களில் இருந்து. கோப்பிக் கடையில் வளர்ந்த தொழில் அது. கோப்பித் தோட்டத்துக்கு ஆள் வேண்டும் என்று கூட்டிவரப்பட்டவர்கள் நாம். இதை நினைத்து நான் சில நாள் தனியாகச் சிரித்திருக்கிறேன்.

ஆனால் ஒரு வித்தியாசம் இருக்கிறது. மரணாதார சங்கத்தில் யாரும் சாட்சி கேட்பதில்லை. செத்தவரை எல்லாருக்கும் தெரியும், தூக்கிக்கொண்டு போனதே நாம்தான். கம்பனி உங்கள் முகத்தைப் பார்த்ததில்லை. அதற்குக் கண் என்று இருப்பது காகிதம் மட்டும்தான். காகிதத்தில் இல்லாதது அதற்கு நடக்காதது.

சீனன்குடாவில் இதை நான் படித்த விதத்தைச் சொல்கிறேன்.

கோதுமைக் கப்பல் வந்ததும் மூட்டை எண்ண முடியாது. மணல் மாதிரிக் குவியலாகத்தான் கப்பலின் வயிற்றில் கிடக்கும். எத்தனை ஆயிரம் தொன் என்று எப்படித் தெரியும்? கப்பலின் பக்கத்தில் அளவு கீறியிருப்பார்கள். முன்னுக்கு, நடுவில், பின்னுக்கு, இரண்டு பக்கமும் சேர்த்து ஆறு இடத்தில். தண்ணீர் எந்தக் கோட்டில் நிற்கிறது என்று வள்ளத்தில் போய்ப் பார்த்து எழுதுவோம். கடல்நீரின் அடர்த்தியையும் எடுப்போம். இறக்கி முடிந்ததும் மறுபடியும் பார்ப்போம். கப்பல் எவ்வளவு மேலே வந்திருக்கிறதோ, அதிலிருந்து கணக்குப் போட்டு இறங்கிய கோதுமையின் எடையை எடுப்போம். நம் கொழுந்துத் தராசில் ஒரு கிலோ குறைந்தால் நமக்கு எப்படி வயிறு எரிகிறதோ, அப்படித்தான் அங்கேயும் சண்டை வரும்.

இனி நனைந்த கோதுமை. மூடியைத் திறந்தால் மேலே ஒரு அடை மாதிரி இறுகி, பூஞ்சணம் பிடித்து நாறும். தண்ணீர் பட்டிருக்கிறது. எந்தத் தண்ணீர்? கடல் நீர் என்றால் மூடியின் இடுக்கு வழியே அலை உள்ளே வந்திருக்கிறது, கப்பல்காரன் பதில் சொல்ல வேண்டும். மழைநீர் என்றால், இறக்கும்போது மழை வந்தும் மூடியைச் சாத்தாமல் விட்டவர் யார் என்று தேட வேண்டும். திருகோணமலையில் மார்கழி மழை எப்படிக் கொட்டும் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். இரண்டும் இல்லாமல், கப்பல் வெப்பத்தில் இருந்து குளிருக்குப் போகும்போது உள்ளே இரும்பு வியர்த்துச் சொட்டியதாகவும் இருக்கலாம். பார்த்தால் மூன்றும் ஒரே ஈரம். எங்கள் பையில் ஒரு சின்னப் போத்தல் இருக்கும். சில்வர் நைத்திரேற்று. நனைந்த தானியத்தை நல்ல தண்ணீரில் அலசி, அந்தத் தண்ணீரில் இரண்டு சொட்டு விட்டால், உப்பு இருந்தால் பால் மாதிரி வெள்ளையாகிவிடும். இல்லாவிட்டால் தெளிவாகவே நிற்கும். பெரிய தொகை யார் தலையில் விழும் என்று அந்த இரண்டு சொட்டு காட்டிவிடும்.

அதற்கு அந்த நனைந்த கோதுமை அங்கேயே இருக்க வேண்டும். முதலாளி ஒருவர் நல்ல சுத்தக்காரர். நாறுகிறதே என்று நாங்கள் வருமுன் அள்ளிக் கொட்டி, கழுவி வைத்துவிட்டார். சோதித்துப் பார்க்க ஒரு பிடி இல்லை. அவர் பொய் சொல்லவில்லை என்று எனக்குத் தெரியும். ஆனால் அவர் கேட்டதில் பாதிகூடக் கிடைக்கவில்லை. நம் லயத்திலும் இதுதான் நடக்கிறது. காற்றில் கூரைத் தகரம் போனால் அடுத்த நாளே நனைந்த மெத்தையை எரித்துவிடுகிறோம். எரிக்காதீர்கள் என்று சொல்லவில்லை. படம் எடுத்துவிட்டு எரியுங்கள். இப்போது எல்லார் கையிலும் போன் இருக்கிறதே.

சீனன்குடாவில் இன்னொரு பாடம் எண்ணெய்க் குதங்களுக்கு நடுவே இருக்கிறது. வெள்ளைக்காரன் காலத்தில் கட்டிய பெரிய இரும்புத் தொட்டிகள். 1942 ஏப்ரல் 9ஆம் திகதி ஜப்பான்காரர்கள் திருகோணமலையில் குண்டு போட்டபோது ஒரு விமானம் தொட்டி ஒன்றின் மேல் வந்து விழுந்தது. ஏழு நாள் எரிந்ததாகச் சொல்வார்கள். உருகிய இரும்பு இன்றைக்கும் கிடக்கிறது. என்னோடு வேலை செய்த பெரியவர் அதைக் காட்டிக் கேட்டார்: "இதுக்குக் கிளெய்ம் கிடைக்குமாடா தம்பி?" நான் தீ விபத்துத்தானே, கிடைக்கும் என்றேன். "பத்திரத்தை முழுக்க வாசிச்சியா? யுத்தத்தால வந்த தீ சாதாரணத் தீப் பத்திரத்துல சேராது." பத்திரத்தில் என்ன இருக்கிறது என்பதைவிட எது இல்லை என்று எழுதியிருக்கிற பக்கத்தை முதலில் பார்க்க அன்றைக்குப் பழகினேன். 1983 கலவரத்துக்குப் பிறகு நம் நாட்டில் கலவர நட்டத்துக்கென்று 1987இல் அரசாங்கமே தனி நிதியம் அமைக்க வேண்டி வந்ததும் இந்தக் காரணத்தால்தான்.

இதுவரை கடலைப் பற்றிச் சொன்னேன். இனி மலையைப் பற்றி. இதைச் சொல்லத்தான் வந்தேன், சொல்லத்தான் கஷ்டமாக இருக்கிறது.

சில வருஷம் எனக்கு ஆயுள் காப்புறுதி, விபத்துக் காப்புறுதிக் கிளெய்ம்களும் வந்தன. ஒரு நாள் ஒரு கோவை வந்தது. தேயிலைத் தோட்டம். மலையில் வேலை செய்யும்போது குளவி கொட்டியிருக்கிறது. தோட்டத்து டிஸ்பென்சரியில் மருந்து போட்டுக்கொண்டு அந்த மனிதர் லயத்துக்குப் போய்விட்டார். ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை. இரண்டாம் நாள் ராத்திரி இறந்துவிட்டார். கேட்டவர்களுக்கு வீட்டார் "நெஞ்சு வலின்னு சொன்னாருங்க" என்றிருக்கிறார்கள். அதுவே மரணப் பத்திரத்தில் ஏறிவிட்டது. டிஸ்பென்சரிப் புத்தகத்தில் வரி இல்லை. பத்திரமோ விபத்தால் வந்த மரணத்துக்கு மட்டும். சம்சாரத்துக்கு "உங்கள் கோரிக்கையை ஏற்க முடியாதிருக்கிறது" என்று ஒரு கடிதம் போனது.

அந்தக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டவன் நான். விதிப்படி சரியாகத்தான் போட்டேன். அந்த அம்மா பதிலே எழுதவில்லை. எழுதியிருந்தால், கூட நின்று வேலை செய்த இரண்டு பேரின் வாக்குமூலத்தையாவது வாங்கிக்கொண்டு வரச் சொல்லியிருப்பேன். நானே முன்கூட்டிச் சொல்லியிருக்கலாமே என்று கேட்பீர்கள். ஆமாம், சொல்லியிருக்கலாம். அதுதான் இந்த மேடைக்கு என்னைக் கொண்டுவந்தது.

ஆகவே அம்மா, குளவி கொட்டினாலும், வழுக்கி விழுந்தாலும், மரம் முறிந்தாலும், அன்றைக்கே கங்காணியிடம் சொல்லி எழுதச் சொல்லுங்கள். ஆஸ்பத்திரிக்குப் போய்த் துண்டை வாங்கி வையுங்கள். மரணம் என்றால், திடீர் மரண விசாரணை அதிகாரி வந்து கேட்கும்போது எது நடந்ததோ அதை முதலிலிருந்து சொல்லுங்கள். அழுகையோடு அழுகையாகச் சொன்ன ஒரு சொல்தான் பிறகு வருஷக்கணக்காகப் பேசும். வேலையால் வந்த காயத்துக்கும் மரணத்துக்கும் காப்புறுதிப் பத்திரம் இருக்கிறதோ இல்லையோ, 1934ஆம் ஆண்டு 19ஆம் இலக்கத் தொழிலாளர் நட்டஈட்டுச் சட்டப்படி வேலை கொடுத்தவர் பொறுப்பு. 2022இல் அதைத் திருத்தி, வேலைக்குப் போகும்போதும் திரும்பும்போதும் நடக்கிற விபத்தையும் சேர்த்தார்கள். ஊழியர் நம்பிக்கை நிதியிலும், அதுதான் ஈ.ரீ.எப்., மரணத்துக்கும் நிரந்தர ஊனத்துக்கும் உதவி உண்டு. அது கடைசியில் எடுக்கிற சேமிப்பு மட்டும் என்றுதான் நம் ஆட்கள் நினைக்கிறார்கள்.

அடுத்தது பெயர். என் அப்பா கவாத்து வெட்டப்போன இடத்தில் மரம் விழுந்து இறந்தார். செக்ரோலில் ஒரு பெயர், பிறப்புப் பத்திரத்தில் இன்னொரு பெயர், அடையாள அட்டையில் மூன்றாவது. நம்மில் மாரியாயி, மாரியம்மா, மாரியம்மாள் மூன்றும் ஒரே ஆள்தான். காகிதத்துக்கு அது மூன்று ஆள். அம்மாவும் அப்பாவும் கோயிலில் மாலை மாற்றியவர்கள், விவாகப் பதிவு இல்லை. அம்மா தன் புருஷனுக்குத் தான்தான் பெண்சாதி என்று நிரூபிக்கக் கந்தோர் கந்தோராக நாலு வருஷம் நடந்தார். பணம் வந்தபோது கடன்காரர்கள் வாசலில் நின்றார்கள். உயிரோடு இருக்கும்போது திருத்துவது சுலபம். பிறகு திருத்தினால் வருஷம் போகும்.

பின்னுரித்தாளி யார் என்றும் பாருங்கள். கலியாணத்துக்கு முன் அம்மா பெயரைப் போட்டிருப்பீர்கள். அம்மா காலமாகி, உங்களுக்கு மூன்று பிள்ளைகளும் ஆகியிருக்கும். பத்திரத்தில் இன்னும் அம்மா பெயர்தான்.

உடலே கிடைக்காவிட்டால்? 2004 டிசம்பர் 26 சுனாமியில் கிழக்குக் கரையில் அதைப் பார்த்தோம். மரணப் பத்திரம் இல்லாமல் எந்தக் கிளெய்மும் நகராது. காணாமல் போனவர் இறந்தார் என்று சட்டம் ஏற்க நெடுங்காலம் ஆகும். அதனால்தான் சுனாமியில் காணாமல் போனவர்களின் மரணத்தைப் பதிய 2005இல் தனிச் சட்டமே போட்டார்கள். 2014 ஒக்டோபர் 29இல் கொஸ்லந்தை மீரியபெத்தையில் மண் சரிந்தபோது நம் ஆட்கள் பலர் அந்த மண்ணுக்குள்ளேயே தங்கிவிட்டார்கள். 2025 நவம்பரில் டித்வா புயலோடு வந்த மழையிலும் மலை சரிந்தது. லயத்தோடு போன வீட்டில் பத்திரமும் போய்விடுகிறது. ஆகவே எல்லாவற்றுக்கும் ஒரு பிரதி எடுத்து, வேறு ஊரில் இருக்கிற சொந்தக்காரர் வீட்டில் கொடுத்து வையுங்கள். போனில் படம் எடுத்துப் பிள்ளைக்கு அனுப்பினாலும் போதும்.

ஆயுள் காப்புறுதி போட ஏஜன்ட் வருவார். படிவத்தை அவரே நிரப்புவார், நீங்கள் கையெழுத்தோ கைநாட்டோ வைப்பீர்கள். சீனி வருத்தம் இருக்கிறதா, பிரஷர் இருக்கிறதா என்ற இடத்தில் அவர் "இல்லை" என்று போட்டால், அது அவர் சொன்ன பதில் இல்லை, நீங்கள் சொன்னது. பிறகு உங்கள் கிளினிக் கொப்பியைத்தான் எங்களைப் போன்றவர்கள் முதலில் தேடுவோம். "எனக்கு வாசிச்சுக் காட்டுங்க தம்பி" என்று கேட்க வெட்கப்படாதீர்கள். மாதப் பணத்துக்குப் பற்றுச்சீட்டு தராதவரிடம் பணம் கொடுக்காதீர்கள். கட்டு நின்றால் பத்திரமும் காலாவதியாகிவிடும்.

கம்பனி மறுத்தால் முடிந்துபோயிற்று என்று இருந்துவிட வேண்டாம். முதலில் கம்பனிக்கே எழுத்தில் மறுபடி கேளுங்கள். சரிவராவிட்டால் காப்புறுதி ஒம்புட்ஸ்மனிடமும், காப்புறுதி ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவிடமும் முறையிடலாம். கடிதத்தில் மறுத்த காரணம் என்னவென்று எழுதியிருக்கும். அந்தக் காரணத்துக்கு மட்டும் பதில் எழுதுங்கள், ஊர்க்கதை எழுத வேண்டாம்.

பெரிய வகுப்புப் படிக்கிற பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. இந்தத் தொழிலுக்கு வாருங்கள். கணக்கும் இங்கிலிஸும் வேண்டும்தான், பரீட்சைகளும் உண்டு. ஆனால் செக்ரோல் என்றால் என்ன, பெரட்டுக்களம் என்றால் என்ன என்று விளக்கம் கேட்காமல் ஒரு கோவையை வாசிக்கிற ஆள் அந்த மேசைகளில் மிகவும் குறைவு. எனக்கு வந்த அந்தக் குளவிக் கோவையை நான் இன்னும் கொஞ்சம் நின்று வாசித்திருக்க வேண்டும்.

போதும், நேரமாகிறது. பத்திரங்கள் கொண்டு வரச் சொல்லியிருந்தார்கள். கொண்டு வந்தவர்கள் இந்தப் பக்கத்து மேசைக்கு வாருங்கள். பிறப்புப் பத்திரம், அடையாள அட்டை, சேமலாப நிதி அட்டை மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எழுத்துக்கு எழுத்து பார்ப்போம். கண்ணாடி கொண்டு வராத பெரியவர்களுக்கு நான் வாசிக்கிறேன். தேத்தண்ணி அங்கே வைத்திருக்கிறார்கள், குடித்துக்கொண்டே வரலாம். காகிதத்தில் மட்டும் ஊற்றிவிடாதீர்கள்.