மூச்சறிந்தால் அச்சமில்லை
(சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



தலைப்பிரசவம் தாய்வீட்டில் என்பது நம் வழக்கம். ஆயினும், ஊரை விட்டுப் பெங்களூரில் குடியேறிய நம் குடும்பங்களில் எத்தனையோ பெண்கள் இங்கேயே பிள்ளை பெறுகின்றனர். தாய் ஊரில் இருக்கிறாள்; மகள் இங்கே இருக்கிறாள். காண வருவோரோ, தாங்கள் பட்ட பாட்டையெல்லாம் அவளிடம் விரித்துரைக்கின்றனர். வலி வருமுன்பே அச்சம் வந்து குடியேறிவிடுகிறது.

அஞ்சியவளின் உடல் இறுகும். இறுகிய உடலில் நோவு மிகும். நோவு மிக மிக அச்சமும் வளரும். இச்சுழலை 1930களிலேயே எடுத்துரைத்தார் ஆங்கில மருத்துவர் கிராண்ட்லி டிக்-ரீட். பிரெஞ்சு மருத்துவர் லமாஸ், 1951இல் சோவியத் நாட்டில் கண்ட மகப்பேற்றுப் பயிற்சியைப் பாரிசில் பரப்பினார். இருவரும் கைக்கொண்ட கருவிகளுள் ஒன்று மூச்சு. அது நம் யோக நெறிக்குப் புதியதன்று.

இதே பெங்களூரில், குணசீலா மகப்பேறு மருத்துவமனைக்கு வந்த 335 கருவுற்ற தாய்மாரிடம் ஓர் ஆய்வு நடைபெற்றது. 169 பேர் ஐந்தாம் மாதம் முதல் பேறுகாலம் வரை நாள்தோறும் ஒரு மணி நேரம் ஆசனம், மூச்சுப்பயிற்சி, தியானம் ஆகியவற்றைப் பயின்றனர். ஏனையோர் காலையும் மாலையும் நடை பயின்றனர். 2005இல் வெளிவந்த முடிவின்படி, யோகம் பயின்றோரிடம் குறைமாதப் பேறு குறைந்திருந்தது. இரண்டரைக் கிலோவும் அதற்கு மேலும் எடையுள்ள குழந்தைகள் மிகுதியாகப் பிறந்தன. இது மூச்சு ஒன்றினால் விளைந்தது எனக் கூறலாகாது. ஆனால் அவர்கள் வலி வந்தபின் கற்கவில்லை, மாதக்கணக்கில் பழகினர். நாம் கொள்ளவேண்டிய பாடம் அதுவே.

பயிற்சி எளியது. சாய்ந்தமர்ந்தோ, இடப்புறம் ஒருக்களித்துப் படுத்தோ, தோளையும் தாடையையும் தளர்த்துங்கள். நான்கு எண்ணும் வரை மூச்சை உள்ளிழுங்கள். ஆறு எண்ணும் வரை மெல்ல வெளிவிடுங்கள். வலி ஓர் அலை போன்றது. ஏறி இறங்க ஏறத்தாழ ஒரு நிமிடம் ஆகும். அஃது ஆறு மூச்சு நேரம்! முடிவில்லாத வலி எனக் கலங்குபவளுக்கு, ஆறு மூச்சில் ஓய்வு வரும் என்னும் நினைவு எத்துணைப் பெருந்துணை! பரபரவென்று மூச்சு வாங்கினால் தலை சுற்றும், விரல் மரக்கும். அப்போது வெளிவிடும் மூச்சை நீட்டுங்கள்.

சில எச்சரிக்கைகள். மூச்சை அடக்கும் கும்பகமும், விரைந்து வீசும் கபாலபாதி, பஸ்திரிகை முதலியனவும் கருவுற்றோர்க்கு ஆகா. மருத்துவரைக் கேட்டே தொடங்குக. குருதிப்போக்கு, பனிக்குட நீர் வடிதல், கடுந்தலைவலி, கண் மங்குதல், குழந்தையின் அசைவு குறைதல் ஆகியவற்றுள் எது நேரினும், மூச்சை எண்ணிக்கொண்டு வீட்டில் இராமல் உடனே மருத்துவமனைக்குச் செல்க. வலிக்கு மருந்து வேண்டுவதும், அறுவை நேர்வதும் தோல்வியல்ல. வாய்விட்டு அலறுவதும் குற்றமன்று.

பேறுகாலத்தில் பெண் விரும்பும் ஒருவர் உடனிருத்தல் நன்று என உலக சுகாதார நிறுவனம் 2018இல் பரிந்துரைத்தது. ஆதலால் அவளோடு தாயோ, மாமியாரோ, நாத்தனாரோ, கணவரோ ஒருவர் சேர்ந்து பயிலட்டும். அவள் எண்ணிக்கையை மறக்கும் வேளையில் அவர் எண்ணுவார்.

தாய்மார்களே! நம் வீட்டு வளைகாப்பில் வளையல் அடுக்குகிறோம். கலந்த சாதம் படைக்கிறோம். இனி அந்நாளில் அச்சக் கதைகளை வாசலிலேயே விட்டு வருவோம். அவள் கையைப் பற்றி அவளோடு ஆறு மூச்சு விடுவோம். தாய்வீடு தொலைவில் இருப்பினும், தாய்மை அருகில் இருக்கட்டும்.